பதக்கக் கணக்கும் பட்டக் கணக்கும்



கலாசாலையில் படித்துக்கொண்டே விளையாட்டிலும் பெயர் பெறும் இளைஞர்களைப் பற்றி இருவகைக் கணக்குகள் வைக்கலாம். அவர்கள் கொண்டுவந்த பதக்கங்கள் எத்தனை என்பது ஒன்று. அவர்களுள் எத்தனை பேர் பட்டம் பெற்று வெளியேறினர் என்பது மற்றொன்று. முதற் கணக்கை எல்லோரும் வைத்திருக்கின்றனர். இரண்டாவதை வைத்திருப்போரைத்தான் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இந்தத் தேடல் சித்தூரில் தொடங்கிற்று. 1911-இல் தனி மாவட்டமாகி, 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்த அந்தச் சித்தூரில், வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக வாழும் குடும்பங்கள் இன்றும் பல. அத்தகைய குடும்பமொன்றில் நமக்கு மருமகன் முறையாகும் பிள்ளை ஒருவன் கபடியில் தேர்ந்தவன். ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பதியில், ஒரு கலாசாலையில், விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்கு இடம் கிடைத்தது. முதலாண்டு குறைவின்றிக் கழிந்தது. இரண்டாம் ஆண்டில் சர்வகலாசாலைகளுக்கு இடையிலான போட்டிக்கு அணியோடு சென்றான். பயிற்சி முகாம், இரயில் பிரயாணம், போட்டி யாவும் சேர்ந்து ஐந்து வாரங்கள் ஆயின. திரும்பி வந்தபோது பருவத் தேர்வில் இரண்டு தாள்கள் முடிந்திருந்தன. வருகைப் பதிவும் நூற்றுக்கு 75 என்ற எல்லைக்குக் கீழே இறங்கியிருந்தது.

தோழனின் குறிப்பேட்டை இரவல் வாங்கினான். ஆங்கில வாக்கியங்களுக்கு இடையே விளக்கமெல்லாம் தெலுங்கில் எழுதப்பட்டிருந்தது. தெலுங்கு பேசுவதில் அவனுக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் பள்ளியில் தமிழ் வழியில் பயின்றவனாதலால், பிறர் கையெழுத்தில் உள்ள தெலுங்கை எழுத்துக் கூட்டித்தான் படிக்கவேண்டியிருந்தது. அடுத்த பருவத்தில் பாக்கித் தாள்கள் நான்காயின. மூன்றாம் ஆண்டில் அவன் கலாசாலைக்குப் போகவில்லை.

ஊருக்குச் சென்றிருந்த நாம், "படிப்பை எப்போது நிறுத்தினாய்?" என்று கேட்டோம். "நிறுத்தியதாக நான் யாரிடமும் சொல்லவில்லை, மாமா. அவர்களும் கேட்கவில்லை" என்றான். அவனது அணி வென்ற கோப்பை மட்டும் கண்ணாடி அலமாரியில் இன்னும் இருக்கிறதாம்.

அவர்கள் கேட்காமைக்குக் கல்நெஞ்சம் காரணமன்று; கேட்பதற்கென்று எந்த ஏட்டிலும் ஒரு பத்தி இல்லை. மத்திய அரசு 2010-11 முதல் உயர்கல்வி குறித்து அகில இந்தியக் கணக்கெடுப்பு நடத்தி வருகிறது. ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, எந்தெந்தச் சமூகத்தினர், தேர்ச்சி பெற்றோர் எத்தனை என்றெல்லாம் அது வினவுகிறது. கலாசாலைக்கு விளையாட்டு மைதானம் உண்டா என்றும் வினவுகிறது. அந்த மைதானத்தில் ஓடியவர்கள் என்ன ஆனார்கள் என்பது அதில் வருவதில்லை. விளையாட்டில் முதன்மை பெறும் சர்வகலாசாலைக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956-57 முதல் வழங்கப்பட்டு வருகிறது. அதற்கும் வெற்றிதான் அளவுகோல்.

இவ்விஷயத்தில் அமெரிக்கர்கள் ஒரு வழி கண்டனர். தேசியக் கலாசாலை விளையாட்டுச் சங்கம் என்னும் அவர்களது அமைப்பு, 2003-04 கல்வியாண்டு முதல், முதற் பிரிவு அணிகளுக்குக் 'கல்வி முன்னேற்ற விகிதம்' என்றொரு எண்ணைக் கணித்து வருகிறது. அதன் அடிப்படை, பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கக்கூடியது. உதவித்தொகை பெறும் ஒவ்வொரு வீரருக்கும் பருவந்தோறும் இரண்டு புள்ளிகள் உண்டு. தொடர்ந்து ஆடுவதற்கு உரிய கல்வித் தகுதியோடு இருந்தால் ஒன்று. கலாசாலையில் நீடித்தால் ஒன்று. கிடைத்த புள்ளிகளைக் கிடைத்திருக்கக்கூடிய புள்ளிகளால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் அணியின் விகிதம் வந்துவிடும்.

நம் கபடி அணி ஒன்றை வைத்துப் பார்ப்போம். பன்னிருவர் அணி, ஆண்டுக்கு இரண்டு பருவங்கள். ஆக மொத்தம் 48 புள்ளிகள். ஆண்டிறுதியில் ஒருவன் தேறாமலும் போய், படிப்பையும் விட்டுவிட்டான் என்றால் 2 புள்ளிகள் போயின. வேறு இருவர் ஒவ்வொரு பருவத்தில் தகுதி இழந்தும் படிப்பைத் தொடர்கின்றனர். மேலும் 2 போயின. எஞ்சியவை 44. விகிதம் 917. நான்காண்டுச் சராசரி 930-க்குக் குறைந்தால் தேசியப் போட்டியில் அந்த அணிக்கு இடமில்லை என்று அவர்கள் விதி செய்தனர். 930 என்றதும் ஏதோ உயர்ந்த எண் போலத் தோன்றும். அணியில் ஏறக்குறைய பாதிப் பேர் பட்டம் பெறுவார்கள் என்பதற்கே அது ஈடு என்று அவர்களே கணித்திருக்கின்றனர்.

இதில் நமக்குப் பிடித்தது, மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்கவேண்டாம் என்பதே. பட்டம் பெற்றோரை எண்ணும் கணக்கு, போனவன் போனபின் வருவது. பருவக் கணக்கோ அவன் வாசற்படியில் நிற்கும்போதே வந்துவிடும்.

ஆயினும் அவர்கள் செய்ததெல்லாம் செம்மை என்று நாம் சொல்லமாட்டோம். கனெக்டிகட் சர்வகலாசாலையின் ஆடவர் கூடைப்பந்து அணி 2011-இல் தேசிய வாகை சூடிற்று. விகிதம் குறைந்ததால் 2013-இல் தேசியப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. 2014-இல் மீண்டும் வாகை சூடிற்று. முன்னே சென்றோர் படிக்காமற்போனதற்குப் பின்னே வந்தோர் ஓராண்டு தண்டனை அனுபவித்தனர். வட கரோலினா சர்வகலாசாலையின் கதை இதனினும் கசப்பானது. அங்கே 1993 முதல் 2011 வரை, வகுப்பே கூடாத பாடங்கள் சில நடந்தன. ஒரு கட்டுரை எழுதித் தந்தால் உயர்ந்த மதிப்பெண் கிடைத்துவிடும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அவற்றில் சேர்ந்திருந்தனர் என்றும், அவர்களுள் ஏறக்குறைய பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள் என்றும் 2014-இல் வெளியான விசாரணை அறிக்கை கூறிற்று. தேர்ச்சியை மட்டும் எண்ணினால் தேர்ச்சியை உற்பத்தி செய்துவிடுவார்கள்.

நம் நாட்டில் வேறொரு சிக்கலும் உண்டு. அரசாணைகளை மொழிபெயர்ப்பதே நம் பிழைப்பாதலால் இது நமக்கு நன்கு பழக்கமானது. மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணியிடங்களில், நேரடி நியமனத்தில் நூற்றுக்கு 5 வரை விளையாட்டு வீரர்களுக்குத் தரலாம் என்பது 2013-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த ஆணை. சர்வகலாசாலைகளுக்கு இடையிலான போட்டியில் ஆடியிருப்பதும் அதற்குத் தகுதிகளுள் ஒன்று. பணிகள் பலவற்றுக்குப் பள்ளியிறுதிப் படிப்பே போதும். ஆகவே இரண்டாம் ஆண்டில் ஆணை கைக்கு வந்தால் பிள்ளை போய்விடுகிறான். ஏழைக் குடும்பத்தில் அதைத் தவறென்று யார் சொல்வார்? அமெரிக்கக் கணக்கில் இதற்கும் இடமுண்டு: தேர்ச்சிக் குறைவின்றித் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றவனுக்கு நீடிப்புப் புள்ளியைக் கழிப்பதில்லை. வேலைக்குப் போனவனும் பாக்கித் தாள்களோடு மறைந்தவனும் ஒரே எண்ணில் அடங்கலாகாது. ஆனால் முழங்கால் ஓய்ந்து, நாற்பது வயதில் பட்டம் கேட்கும் துறைத் தேர்வின் முன் நிற்கும் முன்னாள் வீரர்களை அலுவலகத்தில் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு விளையாட்டு வேலையைத் தந்தது; அடுத்த படியைத் தரவில்லை.

திருப்பதியிலே இக்கணக்கைத் தொடங்குவதற்கு என்ன வேண்டும்? 1954-இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவர சர்வகலாசாலை அங்கே இருக்கிறது. 1983-இல் தோன்றிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் சர்வகலாசாலை இருக்கிறது. தேவஸ்தானம் நடத்தும் கலாசாலைகளும் உள்ளன. போட்டிக்கு அனுப்பும்போது ஒவ்வொரு வீரருக்கும் தகுதிப் படிவம் நிரப்பப்படுவதால், பெயர்ப் பட்டியல் தேகப்பயிற்சி இயக்குநரிடம், அதாவது பிள்ளைகள் 'பி.டி. சார்' என்றழைப்பவரிடம், எப்போதும் இருக்கும். மதிப்பெண் பட்டியல் தேர்வு அலுவலகத்தில் இருக்கும். இரண்டையும் பருவத்துக்கு ஒருமுறை ஒரே மேசையில் வைக்கவேண்டும். பெயருக்கு எதிரே 'இருக்கிறாரா', 'தேறினாரா' என்று இரண்டு கட்டங்கள் போடவேண்டும். பெண்களுக்குத் தனிப் பக்கம் வேண்டும் என்போம். இந்திய ஹாக்கி அணியின் கோல் காவலராக விளங்கிய ரஜனி எதிமர்ப்பு பழைய சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர்ப் பெண்தான். அவரைக் கண்டு மட்டையெடுத்த பெண்கள் படிப்பை விட்டால், அதன் காரணம் ஆண்பிள்ளைகளின் காரணமாகவே இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

வெளிமாநிலங்களில் குடியேறி, பிள்ளைகளை விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்க்க முனையும் நம்மவர்களுக்கு ஒன்று சொல்வோம். சேர்க்கையின்போது கோப்பைகளைக் காட்டுவார்கள், பாருங்கள், மகிழுங்கள். பிறகு, மூன்றாண்டுக்கு முன் இதே ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுள் பட்டம் பெற்றோர் எத்தனை பேர் என்று கேளுங்கள். போட்டிக்குச் சென்ற நாட்களை வருகையில் சேர்ப்பார்களா, தவறிய தாளுக்குத் தனித் தேர்வு உண்டா என்பதை எழுத்தில் பெறுங்கள்.

நம் மருமகன் இப்போது சித்தூரில் மாம்பழக்கூழ்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். 2021-இல் ஏற்பட்ட கல்வி மதிப்பலகு வங்கியில், படித்த பாடங்களின் மதிப்பலகுகளைச் சேமித்துவைத்துப் பின்னர் தொடரலாம் என்கின்றனர். அவன் தேறிய பாடங்கள் அதில் ஏறியிருக்கின்றனவா, எஞ்சிய நான்கு தாள்களை எழுத இன்னும் அவகாசம் உண்டா என்று கலாசாலைக்கு எழுதியிருக்கிறோம். பதில் வரவேண்டும்.