எந்தக் கப்பல்?



"எங்க தாத்தா கப்பல்ல போனவரு" என்று தூத்துக்குடிப் பக்கம் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எந்தக் கப்பல் என்று திருப்பிக் கேட்டால் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அவர் கொண்டுவந்த ரேடியோ நினைவிருக்கும், செண்ட் பாட்டில் நினைவிருக்கும். கப்பலின் பெயர் மட்டும் நினைவிருக்காது. முன்னோரின் கடல் வேலையைப் பழைய ஏடுகளில் தேடிப்பிடிப்பது ஒரு கலை என்றால், அதற்கு முதல் தேவை அந்தப் பெயர்தான்.

தேடப் புகுகிறவர்கள் பெரும்பாலும் ஆளின் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். அங்கேயே இடறி விடுகிறார்கள். நம் கடற்கரையில் ஃபெர்னாண்டோ என்று தேடினால் என்ன கிடைக்கும்? பாதி ஊர் கிடைக்கும். கொழும்புக்காரரும் சேர்ந்து வருவார்கள். தகப்பன் பெயரைக் குமாஸ்தா குடும்பப் பெயராக எழுதியிருப்பார். காதில் விழுந்தபடி எழுதிய எழுத்து வேறு. வயதோ கப்பலுக்குக் கப்பல் மாறும்.

மாறாதது ஒன்று உண்டு. 1854ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பிறகு, பிரிட்டனில் பதிவான ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் அஃபிஷியல் நம்பர் கொடுத்தார்கள். கப்பலின் நடு உத்தரத்திலேயே அதைச் செதுக்க வேண்டும். முதலாளி மாறலாம், கப்பலின் பெயர்கூட மாறலாம், எண் மாறாது. அந்தக் காலத்து மாலுமிப் பட்டியல்களை, அதாவது க்ரூ லிஸ்டுகளை, அந்த எண்ணின்படியும் ஆண்டின்படியும்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே கப்பலைப் பிடியுங்கள், ஆள் தானே வருவார்.

அந்தப் பட்டியல்கள் ஒரே இடத்தில் இல்லை. 1863 முதல் 1938 வரையிலான தாள்களில் பத்தில் ஒரு பங்குதான் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1865, 1875, 1885 என்று ஐந்தில் முடியும் ஆண்டுகள் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போயின. மீதியில் பெரும்பகுதி, ஏறக்குறைய எழுபது சதவீதம், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இவ்வளவு காகிதத்தை வைத்துக்கொள்ள இடமில்லை என்று பிரிட்டனில் கைகழுவ இருந்த நேரத்தில் அந்தப் பல்கலைக்கழகம் கேட்டு வாங்கிக்கொண்டது. பனி கொட்டும் ஊரில் நம்மூர்க்காரர் ஒருவரின் கைநாட்டு பத்திரமாக இருக்கலாம்! 1915ஆம் ஆண்டுப் பட்டியல்களைத் தன்னார்வலர்கள் படித்துப் பெயர் பெயராக எழுதி இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். ஆனால் இந்திய மாலுமிகளுக்குத் தனி ஒப்பந்தம், தனித் தாள், அதில் சம்பளமும் மிகக் குறைவு. வெள்ளைக்கார மாலுமியின் பேரனுக்கு இருக்கிற வசதி நமக்குக் கிடையாது என்பதை ஒப்புக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

தாள் கையில் கிடைத்தாலும் படிக்கத் தெரிய வேண்டும். தண்டல் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடித் தோணியில் தண்டல் என்றால் தலைவர், அவர் சொன்னால்தான் பாய் விரியும். நீராவிக் கப்பல் பட்டியலில் அதே சொல் 'டிண்டல்' என்று இருக்கும். அங்கே அவர் மாலுமிகளின் தலைவரான சாரங்குக்குக் கீழே. "தாத்தா தண்டலா இருந்தாரு" என்று வீட்டில் சொல்வது பொய்யில்லை. எதில் தண்டல் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். சுக்கானி என்றால் சுக்கான் பிடிப்பவர், பண்டாரி என்றால் சமையல்காரர்.

என் தாய்மாமாவின் சி.டி.சி. என்னிடம் இருக்கிறது. மாலுமியின் வேலைப் புத்தகம் அது. உயரம், கண்ணின் நிறம், இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு, எல்லாம் எழுதியிருக்கிறது. பிறகு வரிசை வரிசையாகக் கப்பல் பெயர், எண், சைன் ஆன் ஆன துறைமுகம், தேதி, சைன் ஆஃப் ஆன தேதி. கடைசிக் கட்டத்தில் நடத்தைக்கு ஒரு முத்திரை: 'வெரி குட்'. பக்கத்துக்குப் பக்கம் 'வெரி குட்'. அதைப் பார்த்துப் பெருமைப்பட ஒன்றுமில்லை, கிட்டத்தட்ட எல்லோருக்கும் அதைத்தான் குத்தினார்கள். தேதிகளைப் படியுங்கள்.

மாமா தன் தங்கை கல்யாணத்துக்கு, அதாவது என் அம்மா கல்யாணத்துக்கு, வரவில்லை. 1967 ஜூன் 21. பங்குத் தகராறில் வேண்டுமென்றே வரவில்லை என்று நாற்பது வருஷம் பேசினார்கள். முந்தின வாரமே பம்பாய் வந்துவிடுவேன் என்று லிவர்பூலிலிருந்து அவர் எழுதிய கடிதத்தையும் யாரும் நம்பவில்லை. புத்தகத்தில் பம்பாயில் சைன் ஆஃப் ஆன தேதி ஜூலை 6. அந்த ஜூனில்தான் அரபு-இஸ்ரேல் போர் மூண்டு சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு வந்தன. மாமாவின் கப்பலும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். இதை அம்மாவிடம் காட்டினேன். புத்தகத்தை வாங்கித் தேதியைத் தடவிப் பார்த்தார். "அவன் சொன்னான்ல" என்றார்.

கப்பற்படையில் இருந்தவர் என்றால் வழி வேறு. மும்பையில் உள்ள மாலுமிகள் பணியகத்துக்கு எழுத வேண்டும். சர்வீஸ் நம்பர் இருந்தால் வேலை எளிது. வணிகக் கப்பல் என்றால் சென்னை, மும்பை, கொல்கத்தா ஷிப்பிங் மாஸ்டர் அலுவலகங்கள். உலகப் போர்களில் கடலோடு போனவர்களின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் வீட்டிலிருந்தே தேடலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சி.டி.சி. இருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். முத்திரை மங்கியிருந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், கப்பலின் எண் தெரியும். பாதுகாக்கிறேன் என்று லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.