தகட்டுப் பட்டறையும் தொழிலாளியின் ஹக்கும்

 

இரும்போடு உழைத்த ஒரு நபியைத் திருக்குர்ஆன் நமக்குக் காட்டுகிறது. தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மிருதுவாக்கிக் கொடுத்தான். அவர்கள் போர்க் கவசங்கள் செய்தார்கள் (34:10,11). தம் கைகளால் உழைத்தே அவர்கள் உண்டு வந்ததை நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துக் கூறினார்கள் (புகாரி). ஆகவே, தகட்டை வெட்டி வளைக்கும் கை தாழ்ந்த கை அன்று. அந்தக் கைக்குரிய ஹக்கை நாம் முழுமையாகக் கொடுக்கிறோமா?

அம்பத்தூர், திருப்பெரும்புதூர் வட்டாரங்களில் வாகன உதிரிபாகங்களுக்காகத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்கள் ஏராளம். முன்பு பட்டறை முதலாளியே கூலியை எண்ணிக் கையில் கொடுப்பார். இன்று பல இடங்களில் நடுவே ஒப்பந்தக்காரர் நிற்கிறார். மத்திய அரசின் ஆண்டுத் தொழில் ஆய்வுக் கணக்கின்படி, 2000-01இல் நாட்டின் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளி. 2022-23இல் ஐந்தில் இருவர். அருகருகே நின்று ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவருக்கு மாதச் சம்பளமும் போனஸும். மற்றவருக்கு வெறும் தினக்கூலி!

ஒரு ஜுமுஆவுக்குப் பின் ஓர் இளைஞர் என்னைச் சந்தித்தார். பவர் பிரஸ்ஸில் இரு விரல்களை இழந்தவர். தம் பெயர் ஈ.எஸ்.ஐ.யில் பதியப்படவே இல்லை என்பது மருத்துவமனையில்தான் அவருக்குத் தெரிந்தது. முதலாளி ஒப்பந்தக்காரரைக் கைகாட்டினார். ஒப்பந்தக்காரரோ தொலைபேசியை எடுக்கவில்லை.

சட்டம் இந்தச் சாக்கை ஏற்பதில்லை. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதலாளியே தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அவ்விதி தொடர்கிறது. மிகைநேர வேலைக்கு இருமடங்கு கூலி என்பதும் அவ்வாறே.

மார்க்கம் அதைவிடக் கடுமையாக எச்சரிக்கிறது. அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடுதான் என்கிறது 83ஆம் அத்தியாயம். பன்னிரண்டு மணிநேர உழைப்பை வாங்கிவிட்டு எட்டு மணிநேரக் கூலியைக் கொடுப்பதும் அளவை மோசடி அல்லவா? வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுகிறான் (புகாரி). அந்த வழக்கில் ஒப்பந்தக்காரரைக் கைகாட்டித் தப்ப இயலுமா?

குகையில் அடைபட்ட மூவரை நினைத்துப் பாருங்கள். அவர்களில் ஒருவர், கூலியை வாங்காமல் சென்ற தொழிலாளியின் பங்கைப் பெருக்கி வைத்தார். அவன் திரும்பி வந்தபோது கால்நடைகள் அனைத்தையும் ஒப்படைத்தார். அந்த அமலைக் கூறி அவர் இறைஞ்சியபோது பாறை விலகியது (புகாரி).

பட்டறை நடத்தும் சகோதரர்களே! வேலைக்கு அமர்த்துமுன் கூலியைப் பேசுங்கள். முதல் நாளே ஈ.எஸ்.ஐ.யில் பெயரைப் பதியுங்கள். ஒப்பந்தக்காரரின் சம்பளப் பதிவேட்டை மாதந்தோறும் வாங்கிப் பாருங்கள். தொழிலாளிச் சகோதரர்களே! வேலை நேரம் உங்களிடமுள்ள அமானிதம். சம்பளச் சீட்டைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

பிறர் வியர்வையின் ஹக்கு நம் வீட்டு உணவில் கலந்துவிடாமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.