கடலுக்கு மூலப்பத்திரம் எங்கே?

(கடற்கரைப் பட்டினம் ஒன்றில் இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கடைவீதியில் பத்துக்குப் பத்து இடம் வாங்குவதென்றால் என்ன செய்வீர்கள்? மூலப்பத்திரம் கேட்பீர்கள். வில்லங்கம் போட்டுப் பார்ப்பீர்கள். வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் பாட்டனும் பூட்டனும் வத்தை இழுத்து ஏற்றிய கரைக்கு உங்களிடம் என்ன பத்திரம் இருக்கிறது? வலை காயப்போடும் மேடு, கருவாடு உலர்த்தும் மணல், பெண்கள் பாசி எடுத்து வந்து கொட்டும் இடம், இவற்றையெல்லாம் பல ஊர்களின் வருவாய்க் கணக்கில் ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள்: புறம்போக்கு!

இந்தக் கரையில் நமக்கு உரிமை இல்லாமலா இருந்தது? 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயலுக்கு வந்த மார்க்கோ போலோ, அங்கே இறங்கிய அரபுக் குதிரைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபத்தில் உரிமையைக் 'கல்' கணக்கில் அளந்தார்கள். கல் என்றால் முக்குளிப்பவன் அடியில் இறங்கப் பயன்படுத்திய கல். நாயக்கருக்கு இத்தனை கல், சேதுபதிக்கு இத்தனை கல் என்று டச்சுக்காரர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். அதற்கு முன்பே, 16-ஆம் நூற்றாண்டில், போர்ச்சுகீசியர் பீரங்கியோடு வந்து சலாபத்தைப் பிடித்தபோது மரக்காயர்களின் கை தாழ்ந்து போனது. ஆண்டவன் மாறினான், கணக்குப் புத்தகமும் மாறியது. மூச்சடக்கி இறங்கியவன் மட்டும் அவனேதான்! தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-ல்.

இன்றைய கணக்குப் புத்தகம் எது தெரியுமா? சட்டமும் வரைபடமும்தான். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டன. பவளப்பாறையையும் ஆவுளியாவையும் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாறை செத்தால் மீனும் இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தீவோரம் பாசி எடுத்த தாய்மார்கள் ஒரு நாள் விடிந்ததும் அத்துமீறி நுழைந்தவர்களாகிவிட்டார்களே! 2001-ல் கடல் அட்டை பிடிக்கத் தடை வந்தது. கடல் அட்டை குறைந்தது உண்மை. ஆனால் அந்தத் தொழிலையே நம்பியிருந்தவனுக்கு மாற்று வழி என்ன? எதிர்க்கரையான இலங்கையில் உரிமம் வாங்கினால் அதே அட்டை சட்டபூர்வமான தொழில். ஒரே கடல், இரண்டு நீதி!

காட்டில் வாழ்பவனுக்கு 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. கிராமசபை கூடிக் கேட்கலாம், சமூக உரிமையை எழுதி வாங்கலாம். கடலில் வாழ்பவனுக்கு அப்படி ஒரு சட்டம் இன்றுவரை இல்லை. 2009-ல் மீனவர் உரிமைக்கென்று ஒரு மசோதா வரைவு பேசப்பட்டது. அது வரைவோடு நின்றுபோனது.

நம்மையும் நாம் கேட்டுக்கொள்வோம். 1983-ஆம் ஆண்டுச் சட்டம் கரையையொட்டிய கடற்பகுதியை நாட்டுப்படகுக்கென்று ஒதுக்கியிருக்கிறது. அதற்குள் இழுவலை போடும் விசைப்படகுகளின் முதலாளிகளில் நம்மவர் யாருமே இல்லையா? வசதி வந்தவுடன் கடற்கரைத் தெருவை விட்டு மேலத்தெருவுக்குப் போய்விட்டோம். மரக்காயர் என்று பெயருக்குப் பின்னால் பெருமையாகப் போட்டுக்கொள்கிறோம். சங்கு குளிக்கிறவன் வீட்டில் பெண் எடுக்க யோசிக்கிறோம்!

சரி, உடனடியான விஷயத்துக்கு வருகிறேன். 2019-ல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கமான கிராமப்புறக் கரைகளில் கட்டடம் கட்டக் கூடாத தூரத்தை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைக்க வழி செய்தது. மீதி 150 மீட்டரில் யார் கட்டப்போகிறார்கள்? மீனவனா, தங்கும் விடுதிக்காரனா? அதே அறிவிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. மீனவ ஊர்கள், அவர்களின் பொதுச் சொத்துகள், மீன் உலர்த்தும் இடங்கள் எல்லாவற்றையும் சர்வே எண் அளவிலான வரைபடத்தில் குறித்தாக வேண்டும். மீனவர்களின் எதிர்கால வீட்டுத் தேவைக்கும் திட்டம் தீட்ட வேண்டும். 2023-ல் தமிழகத்தின் வரைவு வரைபடங்கள் வெளியானபோது, எங்கள் ஊரைக் காணோம், எங்கள் கரையைக் காணோம் என்று மீனவர்கள் பல மாவட்டங்களில் கொதித்தெழுந்தார்கள். வரைபடத்தில் இல்லாத கரையில் நாளை ஒருவன் வேலி போட்டால், அதைத் தடுக்க எந்தக் காகிதத்தைக் காட்டுவீர்கள்?

இளைஞர்களே, இது உங்கள் வேலை. வரும் ஜும்ஆவுக்குப் பிறகு ஊரின் மூத்த சம்மாட்டிகளையும் சங்குகுளித் தொழிலாளர்களையும் உட்கார வையுங்கள். பாசி எடுக்கும் தாய்மார்களை மறந்துவிடாதீர்கள், அவர்களுக்குத் தெரிந்த கரை நமக்குத் தெரியாது. பக்கத்துக் குப்பத்து இந்து, கிறிஸ்தவ மீனவர் சங்கங்களையும் அழையுங்கள், அவர்களின் கரையும் நமது கரையும் ஒன்றுதான். படகு நிறுத்தும் இடம், வலை உலர்த்தும் இடம், கரையோரக் கபர்ஸ்தான், எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு குறியுங்கள். வணிகர்களே, சர்வேயர் செலவையும் ஜெராக்ஸ் செலவையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மனுவை இரண்டு பிரதி எடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்கிப் பள்ளிவாசல் பீரோவில் வையுங்கள்.