இரண்டு அறைகள்



பிரயாணத்தில் உயர்தர ஹோட்டலில் தங்குவது வீண் ஆடம்பரம் என்று கருதுவோர் நம்மவரில் பலர். சத்திரத்துத் திண்ணையே போதும் என்ற மரபில் வளர்ந்தவர்கள் அல்லவா நாம்!

2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் போர்ட் பிளேரில், கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வகுத்தமைத்த 'பே ஐலண்ட்' ஹோட்டல் 1982இல் எழுந்தது. மலைச்சரிவில் படிப்படியாகக் கடலை நோக்கி இறங்கும் தளங்கள், சரிந்த மரக்கூரைகள், கடற்காற்றைத் தடுக்காத கூடங்கள். எதிரே, 2018இல் நேதாஜியின் பெயர் பெற்ற ராஸ் தீவு. அங்கே நாம் விலை கொடுத்துப் பெறும் இன்பம் காற்றும் கடற்காட்சியுமே.

அதே ஊரில் 1906இல் கட்டி முடிந்த செல்லுலர் சிறையில், அறை ஒவ்வொன்றும் 4.5 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலம். காற்றுத் துவாரமோ 3 மீட்டர் உயரத்தில். எட்டிப் பார்க்க வழியில்லை.

தமிழில் இரண்டும் 'அறை'தான். கதவின் தாழ் எப்புறம் இருக்கிறது என்பதே வேற்றுமை என்று மொழிபெயர்ப்பாளனாகிய எனக்குத் தோன்றுகிறது. ஆதலின், வாய்ப்புடையோர் கூச்சமின்றித் தங்கி மகிழுங்கள். ஒரு பிற்பகலைச் சிறைக்கும் ஒதுக்குங்கள். திறந்த சாளரத்தின் அருமை அப்போது விளங்கும்.