'ஒன்லி' எங்கே உட்கார வேண்டும்?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்ஜினியரிங் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் இங்கிலீஷ் பற்றிப் பேசப் போகிறேன். காரணம் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பம்ப் ஹவுஸ் என் பொறுப்பில் இருந்தது. இரண்டு பம்ப். இரண்டாவதற்கு ஆயில் மாற்ற வேண்டும், மாற்றாமல் ஓட்டக்கூடாது. நைட் ஷிஃப்ட் நோட்டில் எழுதினேன்: 'ஒன்லி ரன் பம்ப் டூ ஆஃப்டர் சேஞ்சிங் தி ஆயில்.' எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். ஷிஃப்டில் இருந்தவர் 'இரண்டாவது பம்ப்பை மட்டும் ஓட்டு' என்று படித்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த முதல் பம்ப்பையும் நிறுத்திவிட்டார். ஆயில் மாற்றி முடிப்பதற்குள் விடிந்துவிட்டது. குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டிலும் தண்ணீர் இல்லை. அவர் மேல் என்ன தப்பு? அப்படியும் படிக்கலாமே! 'ரன் பம்ப் டூ ஒன்லி ஆஃப்டர் சேஞ்சிங் தி ஆயில்' என்று நான் எழுதியிருக்க வேண்டும்.

தமிழில் 'மட்டும்', 'தான்' இரண்டும் தனக்குரிய சொல்லின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகும். 'மாற்றிய பிறகுதான் ஓட்டு' என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. 'நேற்றுதான்' என்பதை நாம் 'எஸ்டர்டே ஒன்லி' என்கிறோமே, அதுவும் இந்தப் பழக்கம்தான். இங்கிலீஷில் இடம் மாறினால் பொருளும் மாறிவிடும். 'பீயிங் ரஸ்டி, தி ஃபிட்டர் ரீப்ளேஸ்டு தி பைப்' என்று ஒரு ரிப்போர்ட்டில் பார்த்தேன். துருப்பிடித்தது பைப்பா, ஃபிட்டரா?

ஒப்பிடும்போதும் இதே கதை. தமிழில் 'விட' ஒன்றே எல்லா வேலையும் செய்துவிடும். 'நல்ல' மாறுவதே இல்லை. இங்கிலீஷில் 'குட்' என்பது 'பெட்டர்' ஆகிவிடும், அதற்கு மேல் 'மோர் பெட்டர்' கூடாது. நம்ம இங்கிலீஷ் சார் சொல்வாரே, "டேய், பெட்டர்ல மோர் ஊத்தாதே, திரிஞ்சு போயிடும்" என்று! சீனியர், ஜூனியர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை. அவற்றுக்குப் பின்னால் 'தேன்' வராது, 'டு'தான்.

நம்ம தொழிலில் அதிகம் வழுக்குகிற இடம் வேறு. 'தி எஃபிஷியன்சி ஆஃப் திஸ் பம்ப் இஸ் ஹையர் தேன் தி ஓல்ட் பம்ப்.' சரியாகத்தான் தெரிகிறது, இல்லையா? திறனைப் பம்ப்போடு ஒப்பிட்டுவிட்டோம். 'தேன் தட் ஆஃப் தி ஓல்ட் பம்ப்' என்று வர வேண்டும். தமிழில் 'பழைய பம்ப்பை விட' என்றாலே போதும் என்பதால் இந்தத் தப்பு நம் கண்ணில் படுவதில்லை. சரி, '10 பர்சென்ட் ஹையர்' என்றால்? 60 சதவீதத் திறன் 66 ஆனதா, 70 ஆனதா? 70 என்றால் '10 பர்சென்டேஜ் பாயிண்ட்ஸ்' என்று எழுதுங்கள். டெண்டரில் இதற்குச் சண்டையே வரும்.

இறுதியாண்டு மாணவர்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை என்னிடம் காட்டலாம். சாப்பாடு வரைக்கும் கேண்டீன் பக்கத்து வேப்ப மரத்தடியில்தான் இருப்பேன். சிவப்புப் பேனா கொண்டுவந்திருக்கிறேன்.