பேசும் படத்தில் முதலில் தமிழ் பேசிய பெண்

தோட்டத்துத் திடலில் மூங்கில் நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜாசின் பக்கமானாலும் அலோர்காஜா பக்கமானாலும், படம் என்றால் லயத்தில் அன்று சமையல் சீக்கிரம் முடிந்துவிடும். பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்வரிசைக்கு ஓடுவார்கள். பிற்காலத்து நட்சத்திரங்களின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். ஆனால் திரையில் முதன்முதலாகத் தமிழ் பேசிய கதாநாயகியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? டி. பி. ராஜலட்சுமி என்ற அந்த அம்மையாரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

1911-ஆம் ஆண்டு திருவையாற்றில் பிறந்தவர். தந்தையார் கிராமக் கணக்கர். விவரம் தெரியாத வயதிலேயே திருமணம் செய்து வைத்துவிட்டார்கள். சீர்வரிசைத் தகராறு எழுந்தது. புகுந்த வீட்டார் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். தந்தையும் காலமானார். தாயும் மகளும் பிழைப்புத் தேடித் திருச்சிக்குப் போனார்கள். பெண்ணுக்குத் திருமண வயது பதினான்கு என்று சாரதா சட்டம் வகுத்தது 1929-இல்தான். அது ராஜலட்சுமிக்கு உதவக் காலம் கடந்துவிட்டது.

வாழாவெட்டி என்று பெயர் வாங்கிய பெண்ணுக்கு அந்நாளில் அடுப்படி மூலைதான் மிச்சம். ஆனால் இந்தச் சிறுமிக்கு நல்ல குரல் இருந்தது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் ஆதரவு கிடைத்தது. சாமண்ணா ஐயர் நாடகக் குழுவில் சேர்ந்தார். குடும்பப் பெண்கள், அதிலும் பிராமணக் குடும்பத்துப் பெண்கள், மேடை ஏறுவதை ஊர் பொறுக்காத காலம் அது. நம் தோட்டத் திருவிழாக் கூத்துகளிலும் பெண் வேடத்தை ஆண்கள்தானே கட்டினார்கள்? ஊர் ஏசும், ஆனால் ஏசுகிற ஊர் ஒரு படி அரிசி அளந்து கொடுக்காது.

மேடையிலிருந்து ஊமைப் படத்துக்கு வந்தார். 1929-இல் 'கோவலன்' படத்தில் நடித்தார். பிறகு வந்தது 1931. அந்த ஆண்டு நம் நாட்டில் ரப்பர் விலை விழுந்து, ஆயிரக்கணக்கான தமிழர்கள் வேலையிழந்து கப்பலேறி ஊர் திரும்பிக் கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் சென்னையில் 'காளிதாஸ்' வெளிவந்தது. பம்பாயில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனியார் தயாரித்த படம், இயக்கியவர் எச். எம். ரெட்டி. கதாநாயகன் தெலுங்கில் பேசுவார், ராஜலட்சுமி தமிழில் பதில் சொல்வார்! இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஜனங்கள் கதைக்காகப் போகவில்லை. திரை பேசுகிறதே என்ற அதிசயத்துக்காகப் போனார்கள். பின்னணிக் குரல் என்ற ஏற்பாடே அப்போது இல்லை. நடிக்கும்போதே தம் சொந்தக் குரலில் பாட வேண்டும். நாடகத்தில் தொண்டை பழகியவர்களுக்கு மட்டுமே அது கைவந்தது.

1933-இல் 'வள்ளி திருமணம்' பெரும் வெற்றி பெற்றது. அதில் உடன் நடித்த டி. வி. சுந்தரத்தையே மணந்துகொண்டார். முதல் மணத்தில் உறவு முறிந்த பெண் தானே துணையைத் தேடிக்கொண்டது சாதாரண விஷயமல்ல.

நம் எண்ணத்தில் அவர் செய்த பெரிய காரியம் நடிப்பல்ல. 'கமலவல்லி' என்று ஒரு நாவல் எழுதினார். மனம் ஓரிடம், மாலை வேறிடம் என்று சிக்கிய பெண்ணின் கதை. அதையே 1936-இல் 'மிஸ் கமலா' என்ற பெயரில் தாமே தயாரித்து, தாமே இயக்கி, தாமே நடித்தார். தமிழில் படம் இயக்கிய முதல் பெண் அவரே. அமெரிக்காவில் மேரி பிக்ஃபோர்ட் என்ற நடிகையும் தந்தையை இழந்து சிறுமியாக மேடை ஏறியவர்தான். 1919-இல் சாப்ளின் முதலானோருடன் சேர்ந்து சொந்தப் படக் கம்பெனி தொடங்கினார். அங்கே அவருக்குக் கூட்டாளிகள் இருந்தார்கள்.

ராஜலட்சுமி தம் மகளுக்கும் கமலா என்றே பெயரிட்டார். பெண்ணாய்ப் பிறந்த குற்றத்துக்காகக் கொல்லப்பட இருந்த ஒரு குழந்தையைக் காப்பாற்றித் தம் பிள்ளையாக வளர்த்தார். 1964-இல் காலமானார்.

இனி அவர் படங்களைப் பார்க்கலாமா என்றால், வருத்தமான பதில்தான். 'காளிதாஸ்' சுருள் இன்று இல்லை. 'மிஸ் கமலா'வும் இல்லை. அக்காலத்துச் சுருள் எளிதில் தீப்பிடிக்கும். வெப்பத்தில் தானே மட்கிவிடும். அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கியவர்களும் உண்டு. தப்பியவை பெரும்பாலும் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களும் சில நிழற்படங்களும்தான்.

அந்தப் பாட்டுப் புத்தகங்கள் கப்பலிலும் வந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது, பாட்டியின் தகரப்பெட்டியோடு எத்தனை காகிதங்களை எரித்துவிட்டோம்! இன்னும் ஏதாவது பெட்டி திறக்கப்படாமல் இருந்தால், அட்டை கிழிந்த பழைய பாட்டுப் புத்தகம் கண்ணில் பட்டால், குப்பையில் போடாதீர்கள். பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் காட்டுங்கள்.