வழி சொல்வோர் கடன்



பயணக் கட்டுரையாளர் யாருக்குக் கடமைப்பட்டவர்? விருந்தளித்த விடுதிக்கா, பின்னே வரும் குடும்பத்துக்கா? மலைபடுகடாம் இதற்கு விடை தருகிறது. பெருங்கௌசிகனார் 583 அடிகளில் நன்னனின் புகழைப் பாடினார். ஆயினும், சுற்றத்தோடு செல்லும் கூத்தனிடம் அம்மன்னனது மலைவழியின் இடர்களை அவர் மறைக்கவில்லை. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் உண்டு. விடிந்தபின் செல்க என்கிறார். கவண்கல் பறந்து வரும். மரமறைவில் செல்க என்கிறார். பாசி வழுக்குமிடத்தில் பற்றிக்கொள்ளக் கோலும் காட்டுகிறார்.

இன்று எந்த இதழையும் சாராது பயணக் கட்டுரை எழுதுவோர் பலர். விருந்தோம்பியவரைப் புகழ்தல் நம் மரபே. வழியின் இடரை மறைத்தல் மரபன்று. அருவியின் அழகை எழுதும் கை, அங்குள்ள வழுக்குப் பாறையையும் எழுதட்டும். நம் சொல்லை நம்பித்தான் ஒரு தாய் குழந்தையைக் கைப்பிடித்து அழைத்து வருகிறாள்.